தன் பெயர் – 6: ரூத் ஹேல் வாங்க மறுத்த பாஸ்போர்ட்

சென்ற வாரம் பாஸ்டனில் நின்றோம்.

1879-ஆம் ஆண்டு. பள்ளிக்குழுத் தேர்தலில் மட்டும் பெண்கள் வாக்களிக்கலாம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் செய்தது. வாழ்நாளில் பாதியைப் பெண்களின் வாக்குரிமைக்காக மேடைகளில் கழித்திருந்த லூசி ஸ்டோன், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார். கணவர் ஹென்றி பிளாக்வெல்லின் குடும்பப்பெயரோடு பதிந்தால்தான் வாக்கு என்று சொல்லிவிட்டார்கள். மணமாகி 24 ஆண்டுகளாக ஸ்டோனாகவே வாழ்ந்தவர் அதற்கு இணங்கவில்லை. ஊருக்கெல்லாம் வாக்குக் கேட்டவர், தனக்குக் கிடைத்த வாக்கைப் போடாமலே திரும்பினார். 1893-இல் காலமானார்.

1920 ஆகஸ்டில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 19-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பால் வேற்றுமையைக் காட்டி இனி யாருக்கும் வாக்கை மறுக்க முடியாது. லூசி ஸ்டோன் கேட்ட இரண்டு உரிமைகளில் ஒன்று வந்துவிட்டது. பெயர் என்னவாயிற்று?

அடுத்த சில மாதங்களில் நியூயார்க்கில் அந்தக் கேள்வி ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் உருவில் வந்து நின்றது.

*

ரூத் ஹேல் டென்னஸி மாநிலத்தின் ரோஜர்ஸ்வில் என்ற சிற்றூர்க்காரர். பதினெட்டு வயதிலேயே வாஷிங்டனில் பத்திரிகை வேலைக்கு வந்துவிட்டார். பிறகு ஃபிலடெல்ஃபியாவில் நாடக விமர்சகர். விளையாட்டுச் செய்திகளும் எழுதினார். மைதானத்தில் பெண் நிருபரைக் காண்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. அங்கிருந்து நியூயார்க். நியூயார்க் டைம்ஸ், வோக், வேனிட்டி ஃபேர் என்று எழுதினார். இடையில் நாடகத் தயாரிப்பாளர் ஆர்தர் ஹாப்கின்ஸுக்கு விளம்பரப் பணியும் பார்த்தார்.

ஹேவுட் ப்ரூன் என்ற விளையாட்டு நிருபரை அவர் சந்தித்தது ஒரு பேஸ்பால் ஆட்டத்தில். 1917 ஜூனில் திருமணம். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. போர்ச் செய்தி எழுத ப்ரூன் பிரான்ஸுக்குப் புறப்பட்டார். வீட்டில் காத்திருக்க ரூத் சம்மதிக்கவில்லை. அவரும் பாரிஸ் போனார். சிகாகோ ட்ரிப்யூன் ஏடு அங்கிருந்து படைவீரர்களுக்காக வெளியிட்ட பதிப்பில் வேலை பார்த்தார்.

1918 மார்ச்சில் நியூயார்க்கில் மகன் பிறந்தான். ஹேவுட் ஹேல் ப்ரூன் என்று பெயர் வைத்தார்கள். தந்தையின் பெயருக்கு நடுவே தாயின் குடும்பப்பெயர்.

அம்மாவின் பெயர் மட்டும் ரூத் ஹேலாகவே இருந்தது. விருந்தில் யாராவது ‘திருமதி ப்ரூன்’ என்று அழைத்துவிட்டால் அந்த இடத்திலேயே திருத்துவார். கோபமாகவே திருத்துவார். அவருடைய இந்தக் குணத்தைப் பற்றி அந்த நாளைய நியூயார்க் எழுத்தாளர் வட்டத்தில் கதை கதையாகச் சொன்னார்கள்.

அந்தக் கோபத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பத்திரிகைக்காரருக்குப் பெயர்தான் முதல். பத்து வருடம் ஒரு பெயரில் எழுதியவர் அடுத்த திங்கட்கிழமை வேறு பெயரில் எழுதினால், வாசகருக்கு அவர் புது ஆள். ஆசிரியருக்கும் புது ஆள். இதற்கு முன் எழுதியதெல்லாம் யாரோ எழுதியதாகிவிடும். திருமணமான ஆணுக்கு இந்த நஷ்டம் வருவதே இல்லை. அவனோடு வேலைக்குச் சேர்ந்த பெண், தாலி ஏறிய மறுநாள் முதற்படியில் நிற்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் குடும்பப்பெயர் பெரும்பாலோருக்குக் கிடையாது. அதனால் இந்தச் சிக்கலே நமக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வந்து, பட்டச் சான்றிதழில் ஒரு பெயரும் ஆதார் அட்டையில் ஒரு பெயருமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு ரூத் ஹேலின் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

*

1921-இன் தொடக்கம். ரூத்தும் ப்ரூனும் மறுபடி பிரான்ஸ் போகத் திட்டமிட்டார்கள். போர் முடிந்துவிட்டது. ஆனால் போர் கொண்டுவந்த ஒரு பழக்கம் முடியவில்லை: பாஸ்போர்ட்.

போருக்கு முன் பெரும்பாலான அமெரிக்கர்கள் பாஸ்போர்ட்டைக் கண்டதே இல்லை. டிக்கெட் வாங்கினார்கள், கப்பல் ஏறினார்கள். போரின்போது அது கட்டாயமாயிற்று. புகைப்படம், பிறந்த இடம், அங்க அடையாளம் என்று, ஒரு மனிதர் யார் என்பதை அரசு தாளில் எழுதிக் கொடுக்கத் தொடங்கியது. ஒருவர் தன்னை எப்படி அழைத்துக்கொண்டாலும் இனி அரசு எழுதியதுதான் அவர்.

அந்தத் தாளில் மனைவி எங்கே இருந்தார்? பல பாஸ்போர்ட்களில் கணவரின் பெயருக்குப் பின்னால், மனைவி உடன் வருகிறார் என்ற ஒரு குறிப்பில். அப்படிப்பட்ட கூட்டுப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கணவர் தனியாகப் பயணம் செய்யலாம். மனைவி தனியாகப் போக முடியாது. தனிப் பாஸ்போர்ட் வாங்கினாலும் அதில் கணவரின் குடும்பப்பெயர் இருக்கும்.

ரூத் ஹேல் தன் பெயரில் பாஸ்போர்ட் கேட்டார்.

அமெரிக்க வெளியுறவுத் துறை முடியாது என்றது. பேச்சும் கடிதமுமாக இழுத்தபின் ஒரு சமரசத்துக்கு வந்தது. திருமதி ஹேவுட் ப்ரூன் என்ற பெயரும் இருக்கும், ரூத் ஹேல் என்ற பெயரும் இருக்கும், ஒருவரே இந்த இரண்டு பெயர்களாலும் அறியப்படுகிறார் என்று எழுதித் தருகிறோம் என்றார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான யோசனை. ஹேல் என்ற பெயரும் தாளில் வந்துவிடுகிறது. கப்பல் காத்திருக்கிறது. பயணச் செலவுக்குப் பணமும் இருக்கிறது. பெரும்பாலோர் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆனால் அந்த வாசகத்துக்குள் ஒரு தீர்ப்பு இருந்தது. நடிகைக்கு மேடைப்பெயர், எழுத்தாளருக்குப் புனைபெயர், திருடனுக்கு மாற்றுப்பெயர் ஆகியவற்றைக் குறிக்கும் அதே பாணியில் அரசு ரூத் ஹேலின் பெயரை எழுதவிருந்தது. அவர் பிறந்ததிலிருந்து சுமந்த பெயர், பத்திரிகையில் சம்பாதித்த பெயர், இரண்டாம் பெயராகிவிடும். மூன்றரை ஆண்டுக்கு முன் ஒரு ஜூன் மாதச் சடங்கில் ஒட்டிக்கொண்டதாக அரசு கருதிய பெயர், அவர் ஒருநாளும் பயன்படுத்தாத பெயர், உண்மைப் பெயராகிவிடும்.

ரூத் ஹேல் அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கவில்லை. பிரான்ஸ் பயணம் ரத்தாயிற்று.

*

சட்டம் என்ன சொன்னது? ஆச்சரியமான பதில்: மணமான பெண் கணவரின் குடும்பப்பெயரைச் சூட வேண்டும் என்று கட்டளையிடும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் அமெரிக்காவில் இல்லை. மோசடி நோக்கம் இல்லாதவரை எவரும் எந்தப் பெயரிலும் வாழலாம் என்பதுதான் இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்ட மரபு.

அப்படியானால் வெளியுறவுத் துறை எதன்மேல் நின்றது? வழக்கத்தின்மேல். வழக்கத்தைச் சட்டம்போலப் பேசிய சில நீதிமன்ற வரிகளின்மேல்.

அவற்றில் பெயர்போனது 1881-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு. உள்நாட்டுப் போரின்போது ஒரு பெண்ணின் வங்கிப் பங்குகளை அரசு பறிமுதல் செய்திருந்தது. அந்த நடவடிக்கையில் அவருடைய திருமணத்துக்கு முந்தைய பெயரைப் போட்டிருந்தார்கள். ஆகவே நடவடிக்கை செல்லாது என்றது நீதிமன்றம். அந்தப் பெண்ணுக்கு வெற்றிதான். ஆனால் காரணம் சொல்லும்போது, ஆங்கிலம் பேசும் மக்களிடையே நெடுங்காலமாகத் திருமணத்தோடு பெண் கணவரின் குடும்பப்பெயரை ஏற்கிறாள், அதன்பின் அதுவே அவளுடைய சட்டப்பெயர் என்ற கருத்தை நீதிபதி எழுதிவைத்தார்.

தன் பெயரை வைத்துக்கொள்ள விரும்பும் பெண்ணுக்கு அந்த உரிமை உண்டா என்று அந்த வழக்கில் யாரும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு எழுதப்பட்ட அந்த விடையைத்தான் பின்னர் பல பத்தாண்டுகள் எடுத்துக்காட்டினார்கள். இந்தத் தொடரில் நாம் சந்திக்கும் மிகப் பெரிய அநீதி இதுதான் என்று நினைக்கிறேன். கொடிய சட்டம் என்றால் அதை எதிர்த்து வழக்காடலாம். இல்லாத சட்டத்தை எங்கே போய் எதிர்ப்பது?

*

ரூத் ஒரு வழி கண்டார். பாஸ்போர்ட் வாஷிங்டனின் கையில். வீட்டுப் பத்திரம் அப்படியல்ல.

1921 மே. மன்ஹாட்டனின் மேல்மேற்குப் பகுதியில், மேற்கு 85-ஆம் தெருவில் ஒரு வீடு வாங்கப்பட்டது. பத்திரம் ரூத் ஹேல் என்ற பெயரில் எழுதப்பட்டது. மணமான பெண்ணுக்கு அவருடைய பிறந்த பெயரிலேயே எழுதப்பட்ட முதல் கிரயப் பத்திரம் இது என்று அன்று நம்பினார்கள்.

இதையொட்டியே ஒரு சங்கமும் பிறந்தது. நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜேன் கிராண்ட் உடன் நின்றார். அவரும் ஹெரால்ட் ராஸை முந்தின ஆண்டு மணந்துகொண்டு கிராண்டாகவே தொடர்ந்தவர். (நான்கு ஆண்டு கழித்து இந்தத் தம்பதிதான் ‘நியூயார்க்கர்’ இதழைத் தொடங்கப் போகிறார்கள்.) சங்கத்துக்கு லூசி ஸ்டோன் லீக் என்று பெயர். ரூத் ஹேல் தலைவர். ப்ரூன் உட்படச் சில ஆண்களும் ஆதரவு தந்தார்கள்.

உறுப்பினர்களில் நிருபர்கள், எழுத்தாளர்கள், ஓவியர்கள் நிறைய. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். தையல் ஆலையில் பத்து மணி நேரம் வேலை பார்த்த பெண்ணுக்குப் பெயர்ச் சிக்கலைவிடக் கூலிச் சிக்கல் பெரிது. பெயரை வைத்துப் பிழைத்தவர்களுக்குத்தான் பெயர் போனால் பிழைப்பும் போகும் என்பது முதலில் உறைத்தது. இது வசதி படைத்தவர்களின் சண்டை என்று அன்றே குறை சொன்னார்கள். அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் அவர்கள் கேட்ட பத்திரமும் வங்கிக் கணக்கும் வாக்காளர் பதிவும் சம்பளப் பட்டியலும் வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரியவையல்ல.

பத்திரிகைகள் கேலி செய்தன. ‘லூசி ஸ்டோனர்’ என்ற பட்டப்பெயர் பரவிப் பின்னாளில் அகராதியிலும் ஏறியது. கேலிகளில் ஒன்று மட்டும் கூர்மையானது: நீங்கள் காப்பாற்றும் பெயரும் ஓர் ஆணுடையதுதானே, அப்பாவின் பெயர்தானே?

இந்தக் கேள்வியை இன்றும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த நேரான பதில் இது: மகனுக்கும் அது அப்பாவின் பெயர்தான். ஆனால் மகன் அந்தப் பெயரில் எழுதிப் பேர் வாங்கும்போது அது அப்பாவுடையது என்று எவரும் சொல்வதில்லை. அவன் கையில் வந்ததும் அவனுடையதாகிவிடுகிறது. மகள் கையில் மட்டும் அது இரவலாகவே இருக்க வேண்டுமா?

*

ரூத் ஹேலின் வாழ்க்கையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. சங்கத்தின் மேடையில் அது பேசப்படவில்லை.

1921-இல் ப்ரூன் ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழுக்கு மாறினார். அங்கே அவர் எழுதிய பத்தி நாடறிந்ததாயிற்று. வாரம் முழுக்க, விடாமல் எழுத வேண்டிய பத்தி. ரூத் ஹேலின் சொந்தப் பெயரில் வந்த எழுத்தோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது.

இருவரும் 1933-இல் மணவிலக்குப் பெற்றார்கள். 1934 செப்டம்பரில் ரூத் ஹேல் இறந்தார். அப்போது ப்ரூன் தன் பத்தியில் ஓர் உண்மையை எழுதினார்: ஹேவுட் ப்ரூன் என்ற பெயரில் வெளிவந்த பத்திகளிலும் கட்டுரைகளிலும் நூல்களிலும் கணிசமான பகுதி ரூத் ஹேல் எழுதியவை.

இதைப் படித்த பிறகு அந்தப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. தாளில் தன் பெயருக்குப் பக்கத்தில் கணவரின் பெயரைச் சகிக்காதவர், தன் வாக்கியங்களுக்குக் கீழே கணவரின் பெயர் அச்சாவதை ஆண்டுக்கணக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அன்பினாலா? பெண் எழுதினால் அந்த இடமும் அந்தக் கூலியும் கிடைக்காது என்பதாலா? இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஒருவேளை எழுத்தில் கரைந்துகொண்டிருந்த பெயரைத்தான் அவர் பத்திரத்திலாவது நிறுத்தப் பார்த்தாரோ?

*

பாஸ்போர்ட்டை வென்றவர் வேறொருவர்.

டோரிஸ் ஃப்ளைஷ்மன். பார்னார்ட் கல்லூரியில் படித்தவர். நியூயார்க் ட்ரிப்யூன் நிருபராக இருந்து, 1919-இல் எட்வர்ட் பெர்னேஸின் அலுவலகத்தில் எழுத்தாளராகச் சேர்ந்தார். மக்கள் தொடர்பு என்ற தொழில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. பெர்னேஸ் அதன் முன்னோடி. சிக்மண்ட் ஃப்ராய்டின் சகோதரி மகன். 1922 செப்டம்பரில் இருவரும் மணந்தார்கள். வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலின் பதிவேட்டில் மணமகள் டோரிஸ் ஃப்ளைஷ்மன் என்றே பதிந்தார். வெவ்வேறு குடும்பப்பெயரோடு வந்து ஓர் அறை கேட்கும் ஆணையும் பெண்ணையும் ஹோட்டல்கள் சந்தேகித்த காலம். அந்தக் கையெழுத்து நாடெங்கும் நாளேடுகளில் செய்தியாயிற்று.

இதற்கிடையில் அரசு இறுகியது. 1924-இல் அமெரிக்க அரசின் தலைமைக் கணக்காயர், கூட்டாட்சிப் பணியில் உள்ள மணமான பெண்கள் சம்பளப் பட்டியலில் கணவரின் குடும்பப்பெயரையே எழுத வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வேலையைத் தன் பெயரில் செய்யலாம். கூலியை மட்டும் அந்தப் பெயரில் வாங்க முடியாது.

1925-இல் டோரிஸ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். அதோடு அனுப்பிய வாதம் மிக எளியது. பாஸ்போர்ட்டின் நோக்கம் ஒருவர் யார் என்று காட்டுவது. என்னை உலகம் அறிந்திருப்பது டோரிஸ் ஃப்ளைஷ்மன் என்று. வேறு பெயர் எழுதினால் நான் பொய்ப் பெயரில் பயணம் செய்வதாக ஆகும். அரசு அதை விரும்பாது என்று நம்புகிறேன்.

ரூத் ஹேல் உரிமை கேட்டார். டோரிஸ், அரசின் சொந்த நோக்கத்தையே எடுத்து அரசிடம் நீட்டினார்.

இம்முறை வெளியுறவுத் துறை இறங்கிவந்தது. டோரிஸ் ஃப்ளைஷ்மன் என்ற பெயரிலேயே பாஸ்போர்ட் வந்தது. மணமான பெண்ணுக்கு அவருடைய பிறந்த பெயரில் அமெரிக்க அரசு வழங்கிய முதல் பாஸ்போர்ட் என்று வரலாற்றில் குறிப்பிடப்படுவது அதுதான்.

*

இத்தோடு கதை முடிந்திருந்தால் அடுத்த வாரம் நாம் வேறு நாட்டுக்குப் போயிருக்கலாம்.

டோரிஸ் அந்த நிறுவனத்தில் கணவரோடு சரிபாதிக் கூட்டாளி. அறிக்கைகள் எழுதினார், திட்டங்கள் வகுத்தார். ஆனால் வாடிக்கையாளர்களோடு பேச அமர்ந்தவர் பெரும்பாலும் பெர்னேஸ் மட்டுமே. நிறுவனத்தின் பெயரும் எட்வர்ட் பெர்னேஸ்தான். கூட்டாளியின் பெயர் அதில் இல்லை.

1929-இலும் 1930-இலும் இரண்டு மகள்கள் பிறந்தார்கள். ஆண்டுகள் ஓடின. லீக் தளர்ந்து கலைந்தது. ரூத் ஹேலும் போய்ச் சேர்ந்தார்.

1949-இல் ‘அமெரிக்கன் மெர்க்குரி’ இதழில் டோரிஸ் ஒரு கட்டுரை எழுதினார். கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தன் பெயரைக் காத்தவர், அதைக் கைவிட்டு இனிக் கணவரின் பெயரை ஏற்பதாக அதில் அறிவித்தார். 1955-இல் வெளிவந்த அவருடைய நூலின் அட்டையில் டோரிஸ் ஃப்ளைஷ்மன் பெர்னேஸ் என்று அச்சாகியிருந்தது.

அவரை இணங்கவைக்க எந்த அரசு அலுவலகமும் முயலவில்லை. எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. அந்தக் கட்டுரை வந்த அடுத்த ஆண்டே, 1950-இல், ஜேன் கிராண்ட் லூசி ஸ்டோன் லீக்கை மறுபடி உயிர்ப்பிக்கக் கிளம்பினார். ஒரே சண்டையில் நின்ற இரண்டு பெண்கள் ஓராண்டு இடைவெளியில் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள்.

வெளியுறவுத் துறையையே இறங்கிவரச் செய்த பெயரை, வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் டோரிஸிடமிருந்து வாங்கிக்கொண்டது எது?

(அடுத்த வாரம்)